கிணற்றிலிருந்து கழிமுகம் வரை: முன்னோக்கு சோனாருடன் ஐந்து நாள்

முதல் நாள்: மதுரை, தெப்பக்குளம்

வண்டியூர் தெப்பக்குளத்துக்கு அருகில் இருக்கும் பெரியப்பா வீட்டுத் திண்ணையில் கோரைப்பாயை விரித்து, அதன்மேல் மூன்று பொருள்களை எடுத்து வைத்தார் அண்ணன். ஒன்பது அங்குலத் திரை ஒன்று, பத்து மீட்டர் நீளமுள்ள கேபிள் ஒன்று, உள்ளங்கைக்குள் அடங்கும் கறுத்த உருளை ஒன்று. மூன்றும் சேர்ந்ததுதான் முன்னோக்கு சோனார், படகுக்கு முன்னால் தண்ணீருக்கடியில் இருப்பதை ஒலியால் அறியும் கருவி. அந்த உருளைதான் டிரான்ஸ்டியூசர். ஒலியைத் தண்ணீருக்குள் அனுப்புவதும் திரும்பி வரும் எதிரொலியைக் கேட்பதும் அதன் வேலை. அண்ணன் வணிகக் கப்பல்களில் எஞ்சினியராக இருந்து ஓய்வுபெற்றவர். மண்டபத்தில் அவர் நிறுத்தி வைத்திருக்கும் முப்பதடிப் பாய்மரப் படகில் விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் உடன் செல்பவன் நான். இந்த ஐந்து நாளும் அந்த உருளையைச் சோதித்துப் பார்ப்பதற்காகவே ஒதுக்கியவை என்பதால், அன்றன்று கண்டதை அன்றிரவே எழுதிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன்.

இதை வாங்கியதற்குக் காரணம் போன ஆவணியில் நடந்தது. கச்சான் என்ற தென்மேற்குக் காற்று தணிந்திருந்த ஒரு காலையில், மண்டபத்துக்கு வடக்கே கரையை ஒட்டி நான்கு நாட், அதாவது மணிக்கு நான்கு கடல் மைல், வேகத்தில் போய்க்கொண்டிருந்தோம். ஆழமானி 3.4 மீட்டர் என்று காட்டியது. கண்ணெடுத்துக் கரையைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் 1.6, அடுத்த மூச்சுக்குள் படகின் ஏரா, அதாவது அடிமரம், மணலில் ஏறிவிட்டது. தண்ணீர் ஏறும்வரை ஐந்து மணி நேரம் சாய்ந்து கிடந்தோம். சுக்கானின் அடிப்பகுதியில் விரல் நீளத்துக்கு விரிசல் விட்டிருந்தது. ஆழமானி பொய் சொல்லவில்லை. அது படகின் வயிற்றுக்கு நேர் கீழே இருப்பதை மட்டுமே சொல்லும். அதாவது, வந்து சேர்ந்துவிட்ட இடத்தின் ஆழத்தைச் சொல்லும். எங்களுக்குத் தேவைப்பட்டது இன்னும் போய்ச் சேராத இடத்தின் ஆழம்.

தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி முன்னால் இருப்பதை அறியலாம் என்ற எண்ணம் புதியதன்று. 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கிய ஒரு மாதத்துக்குள்ளேயே லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் எதிரொலி கொண்டு பனிப்பாறையை அறியும் முறைக்கு இங்கிலாந்தில் காப்புரிமை கோரினார். 1914 ஏப்ரலில் ரெஜினால்ட் ஃபெசென்டன், மியாமி என்ற அமெரிக்கக் காவல் கப்பலில் தம் கருவியை ஏற்றிச் சென்று, ஏறக்குறைய இரண்டு மைல் தொலைவில் மிதந்த பனிப்பாறையின் எதிரொலியைக் கேட்டார். கீழே பார்ப்பதற்கு முன்பே முன்னால் பார்க்கத்தான் மனிதர்கள் ஆசைப்பட்டிருக்கிறார்கள் என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. ஆயினும் சிறு படகுகளில் கீழ்நோக்கும் ஆழமானி எங்கும் பரவிவிட, முன்னோக்கும் கருவி நெடுங்காலம் பின்தங்கியே இருந்தது. இன்று எக்கோபைலட், கார்மின், சிம்ராட் போன்ற பல நிறுவனங்கள் சிறு படகுகளுக்கு ஏற்றவாறு இதைச் செய்கின்றன. ஃபார்சௌண்டர் பெரிய படகுகளுக்கும் கப்பல்களுக்கும் முப்பரிமாணத்தில் செய்கிறது. எங்களுடையது இருபரிமாணம் மட்டுமே. படகின் முன்னால் உள்ள தண்ணீரை மேலிருந்து கீழாக ஒரு துண்டு வெட்டினாற்போலக் காட்டும்.

மாலையில் தெப்பக்குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து பேசினோம். 1645-இல் திருமலை நாயக்கர் வெட்டுவித்த இந்தக் குளம் ஒரு பக்கம் ஆயிரம் அடி, மறுபக்கம் தொள்ளாயிரத்து ஐம்பது அடி. ஐந்து மீட்டர் ஆழத்தில் எங்கள் கருவி எவ்வளவு தூரம் பார்க்கும் என்று அண்ணன் கணக்குப் போட்டுக் காட்டினார். ஆழத்தைப் போல நான்கு மடங்கிலிருந்து எட்டு மடங்கு வரை என்பது பொதுக்கணக்கு. அப்படியானால் இருபதிலிருந்து நாற்பது மீட்டர். மைய மண்டபம் இருக்கும் தூரத்தில் பாதிகூட இல்லை. வாங்கியதை நினைத்து அன்றிரவு எனக்குச் சிறிது கலக்கமாகவே இருந்தது.

இரண்டாம் நாள்: சோழவந்தான்

கடலில் ஒரு கருவியைச் சோதிப்பதில் உள்ள சிக்கல், அது காட்டுவது சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேறு வழி இல்லாமல் போவதுதான். ஆகவே எல்லாப் பக்கமும் அளவு தெரிந்த தண்ணீர் ஒன்று வேண்டும் என்றேன் நான். அண்ணன் உடனே மாமாவின் தோப்புக் கிணற்றைச் சொன்னார். சோழவந்தானுக்கு அப்பால், பெரியாற்றுப் பாசனத்தில் நெல்லும் தென்னையும் வெற்றிலையும் செழித்திருக்கும் பகுதி அது. கிணறு சதுரமானது, கருங்கல்லால் கட்டியது. சுவருக்குச் சுவர் டேப் பிடித்தபோது 11.6 மீட்டர் வந்தது. தண்ணீர் இருபத்திரண்டு அடி நின்றது.

"மாப்ள, இந்தக் கிணத்துல எந்தக் கல்லு எங்க துருத்திக்கிட்டு நிக்குதுன்னு எனக்குக் கண்ணக் கட்டிவிட்டாலும் தெரியும். உங்க மிஷினு அதச் சொல்லுதான்னு பாப்போம்" என்றார் மாமா. ஏழு வயதில் இதே கிணற்றில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு நீந்தப் பழகியவர் அவர். இதைவிட நல்ல சோதனையை எங்களால் வகுத்திருக்க முடியாது.

டிரான்ஸ்டியூசரை ஒரு மூங்கில் கழியின் நுனியில் கட்டி, தெற்குச் சுவரை ஒட்டித் தண்ணீருக்குள் ஒரு மீட்டர் இறக்கி, வடக்கே பார்க்கும்படி பிடித்தோம். கார் பேட்டரியில் இணைத்துத் திரையை உயிர்ப்பித்ததும், வலப்பக்கத்தில் செங்குத்தாக ஒரு தடித்த சிவப்புக் கோடு எழுந்தது. எதிர்ச்சுவர்! ஒலி அங்கே போய்த் திரும்ப ஒரு நொடியில் அறுபத்தைந்தில் ஒரு பங்கு நேரம்தான் ஆகிறது. அந்தச் சிறு நேரத்தை அளந்து தூரமாக மாற்றிக் காட்டுகிறது கருவி. ஆனால் திரை காட்டிய தூரம் 11.9 மீட்டர். டேப்பை மறுபடி பிடித்தோம், 11.6-தான். சிறிது நேரம் யோசித்த பிறகு அண்ணனுக்குப் பிடிபட்டது. கருவி உப்புநீர் என்ற அமைப்பில் இருந்தது. கடல்நீரில் ஒலி நல்ல தண்ணீரைவிடச் சற்று வேகமாக ஓடும். இந்த வெப்பநிலையில் கடல்நீரில் நொடிக்கு 1,540 மீட்டரை நெருங்கும் என்றால், கிணற்று நீரில் 1,500-ஐ ஒட்டி. நன்னீர் என்று மாற்றியதும் திரையும் டேப்பும் ஒத்துப்போயின. ஓர் அடி வித்தியாசம் கடலில் பெரிதில்லை என்றாலும், கருவி நேரத்தைத்தான் அளக்கிறது, தூரத்தை நாம் சொல்லிக்கொடுத்த கணக்கை வைத்தே சொல்கிறது என்பதை இவ்வளவு தெளிவாக வேறெங்கும் நான் கண்டதில்லை.

பிறகு மாமாவின் கல். வடகிழக்கு மூலையில் தண்ணீர் மட்டத்திலிருந்து ஏறக்குறைய பத்தடி கீழே ஒரு பலகைக்கல் ஒன்றரை அடி நீண்டு நிற்கிறது என்றார். நேர் வடக்கே பார்த்தபோது அதன் சுவடே இல்லை. கழியை மெல்ல மூலைப்பக்கம் திருப்பத் திருப்ப, சுவர்க்கோட்டுக்குச் சற்று முன்னால், மூன்று மீட்டர் ஆழத்தில், விரல்நகம் போல ஒரு சிறு வளைவு தெரிந்தது. மாமா திரைக்கு அருகே குனிந்து வெகுநேரம் அதையே பார்த்தார். "அதேதான்" என்றார்.

அந்த வளைவு மூன்று மீட்டர் ஆழத்தில் இருக்கிறது என்று கருவிக்கு எப்படித் தெரிகிறது என்பதை மாமா மகனுக்கு விளக்க வேண்டியிருந்தது. ஓர் ஓசை நம் இரு காதுகளுக்கும் சற்று முன்பின்னாக வந்து சேர்வதால்தான், கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் அது எந்தப் பக்கமிருந்து வந்தது என்று அறிகிறோம். இந்த உருளைக்குள் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பல காதுகள் இருக்கின்றன. எதிரொலி ஒவ்வொன்றையும் தொடும் நேரத்தில் உள்ள மிக நுண்ணிய வேறுபாட்டிலிருந்து, அது எந்தச் சாய்வில் மேலே வந்தது என்று கருவி கணக்கிடுகிறது. காதுகள் மேலும் கீழுமாக மட்டுமே அடுக்கப்பட்டிருப்பதால் இடம் வலம் பிரித்தறிய அதனால் இயலாது. மூலைக்கல்லை நேரே பார்க்கும்வரை அது தெரியாமல் போனதற்குக் காரணம் இதுவே. கடலில் படகின் மூக்கு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பக்கத்துக் குறுகலான துண்டு மட்டுமே நமக்குத் தெரியும்.

நண்பகலுக்குச் சற்று முன் மும்முனை மின்சாரம் வந்தது. மாமாவிடம் கேட்டு, மோட்டாரைப் போட்டுக் குழாயைக் கிணற்றுக்குள்ளேயே திருப்பிவிடச் செய்தோம். தண்ணீர் விழுந்த இடத்தில் வெண்ணுரை பொங்கியது. அதே கணத்தில் திரையில் எதிர்ச்சுவர் அழிந்து, நடுவில் பஞ்சுப்பொதி போல ஒரு மேகம் நின்றது. ஒலிக்குக் காற்றுக்குமிழியும் ஒரு சுவரைப் போலத்தான். மோட்டாரை நிறுத்தி ஒரு நிமிடத்துக்கும் மேல் ஆன பிறகே சுவர் மெல்லத் திரும்பியது. இன்னொரு படகு கடந்துபோன நுரைத்தடத்துக்குள் நுழையும்போதும், அலை உடையும் இடத்திலும் இந்தக் கருவி குருடாகிவிடும் என்று குறித்துக்கொண்டேன்.

கடைசிச் சோதனையே எனக்கு மிகவும் பயன்பட்டது. கழியை இருபது பாகை அளவுக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்கச் சொன்னேன். கல் மறைந்தது. அது மட்டுமன்றி, பக்கச் சுவரின் எதிரொலி உள்ளே நுழைந்து, ஆறேழு மீட்டரில் தரை மேலெழுந்து வருவது போன்ற தோற்றத்தைக் காட்டியது. பாய்மரப் படகு காற்றில் சாய்வது அதன் இயல்பு. பதினைந்து இருபது பாகை சாய்ந்து ஓடுவதை நாங்கள் நல்ல ஓட்டம் என்றே சொல்வோம். அந்த நல்ல ஓட்டத்தில் இந்தக் கருவி காட்டுவதை நம்பக்கூடாது. ஆழம் குறைந்த இடத்துக்குள் போகும்முன் பாயைச் சுருட்டி, எஞ்சினில், நிமிர்ந்த நிலையில் போக வேண்டும்.

வெயில் தாழ்ந்த பிறகு அத்தை கொடுத்த மோரைக் குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

மூன்றாம் நாள்: வைகையோடு மண்டபம் வரை

மதுரையிலிருந்து திருப்புவனம், மானாமதுரை, பரமக்குடி, இராமநாதபுரம் வழியாக மண்டபம் போகும் சாலை, வைகை போன வழியிலேயே பெரும்பாலும் போகிறது. வருசநாட்டு மலையில் பிறந்து 258 கிலோமீட்டர் ஓடும் ஆறு, விரகனூரிலும் பார்த்திபனூரிலும் மதகணைகளில் பிரிந்து, கண்மாய் கண்மாயாக நிறைத்துக்கொண்டே போய், மிஞ்சினால்தான் கடலைப் பார்க்கும். சாலையிலிருந்து தெரிந்த ஆற்றுப்படுகையில் பெரும்பாலும் மணலும் நாணலும் கருவேலமுமே இருந்தன.

கீழடிக்குப் பிரியும் சாலையைக் கடந்தபோது, சிறுவயதில் கண்மாயில் ஓட்டாஞ்சில்லு எறிந்தது நினைவுக்கு வந்தது. நேராக எறிந்தால் முழுகிவிடும். படுக்கையாகச் சாய்த்து எறிந்தால் தத்தித் தத்தி அப்பால் போய்விடும், நம்மிடம் திரும்பாது. ஆழம் குறைந்த இடத்தில் முன்னோக்கு சோனாரின் ஒலிக்கு நேர்வது ஏறக்குறைய இதுதான். படகிலிருந்து தொலைவில் உள்ள தரையை ஒலி மிகவும் தாழ்ந்த சாய்வில் தொடுவதால், தரை வழவழப்பான சேறாகவோ மணலாகவோ இருந்தால் பெரும்பகுதி முன்னோக்கியே சறுக்கிப் போய்விடுகிறது. ஆழத்தைப் போல இத்தனை மடங்கு என்று தூரத்தைச் சொல்வதன் காரணம் அதுவே. முதல் நாள் இரவு எனக்கு இருந்த கலக்கத்துக்குக் கருவியைக் குறை சொல்ல வழியில்லை. அது தண்ணீரின் இயல்பு.

மாலை நான்கு மணிக்குப் படகில் ஏறினோம். இரு மாதங்களுக்கு முன் படகைக் கரையேற்றி அடிப்பாகத்தைச் சுரண்டி வண்ணமடித்தபோதே, அணியம் என்ற முன்முனைக்கும் ஏராவுக்கும் நடுவில், நடுக்கோட்டில், டிரான்ஸ்டியூசருக்கான துளையைப் போட்டு அதில் ஓர் உறையைப் பொருத்தியிருந்தோம். ஏராவுக்குப் பின்னால் வைத்தால் ஏராவே மறைத்துவிடும். எஞ்சின் சுற்றும் விசிறியான சுழலிக்கு அருகில் வைத்தால் குமிழிகள் மறைத்துவிடும். இப்போது செய்ய வேண்டியது, உறையை அடைத்திருக்கும் கட்டையை எடுத்துவிட்டு டிரான்ஸ்டியூசரைச் செருகுவது. படகு மிதந்துகொண்டிருக்கையில் அடிப்பாகத்துத் துளையைத் திறப்பதை எண்ணினாலே நெஞ்சு படபடக்கும். அண்ணன் முழந்தாளிட்டு அமர்ந்து, இடக்கையில் உருளையைத் தயாராக வைத்துக்கொண்டு, "எடுக்கப் போறேன் தம்பி, வாளிய நகத்தாத" என்றார். அடைப்பை உருவியதும் கைத்தடிமனில் கடல்நீர் ஒரு முழ உயரத்துக்கு எழுந்தது. அவர் உள்ளங்கையால் அதை அமுக்கி, உருளையின் மேட்டை உறையின் பள்ளத்தோடு சேர்த்து, ஒரே அழுத்தாக அழுத்தித் திருகினார். எல்லாம் சேர்ந்து நான்கைந்து நொடி. இரண்டு வாளித் தண்ணீர் உள்ளே வந்திருந்தது. ரப்பர் வளையத்தைச் சுற்றிப் பத்து நிமிடம் விரலை வைத்துப் பார்த்தோம், ஒரு துளி கசியவில்லை.

நான்காம் நாள்: வடகடல்

மண்டபத்தில் பாக் விரிகுடாவை வடகடல் என்றும் மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்றும் சொல்வார்கள். தென்கடலுக்குப் போவதானால் பாம்பனில் பாலத்தைத் தூக்கச் சொல்லிக் காத்திருக்க வேண்டும். 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளக் கண் ஒன்று செங்குத்தாக மேலே எழும்புகிறது. எங்களுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாளும் நாட்டுப்படகுகள் நான்கு நாளும் கடலுக்குப் போவது இங்கே வழக்கம். விசைப்படகுகள் இல்லாத நாளாகப் பார்த்து, காவல் நிலையத்தில் சொல்லிவிட்டு, கரையை ஒட்டியே இருப்பதாக எழுதிக் கொடுத்துப் புறப்பட்டோம். உடன் வர ஒத்துக்கொண்ட பெரியவர் அறுபதாண்டாக இந்தக் கடலில் வல்லம் என்ற நாட்டுப்படகில் தொழில் செய்பவர். எல்லோரும் அவரைச் சம்மாட்டி என்றே அழைக்கிறார்கள்.

வாடை இன்னும் முழுதாக ஓயாததால் தண்ணீர் கலங்கியிருந்தது. தெளிந்த நாளில் உச்சிவெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும்போது, தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே மணலா, பார் என்ற பாறைத்திட்டா, கடற்புல்லா என்று சம்மாட்டி சொல்லிவிடுவார். இன்று அவராலும் ஒன்றும் சொல்ல முடியவில்லை. சோனாருக்குக் கலங்கலும் தெளிவும் ஒன்றே என்பதால், இதுவே அதைச் சோதிக்கத் தகுந்த நாள் என்று எனக்குத் தோன்றியது.

முதலில் பவளப்பார். மண்டபத்தின் வடகரைக்கு இணையாகப் பவளப்பார் ஒன்று நீண்டு கிடக்கிறது. ஆறு மீட்டர் ஆழத்தில், மூன்று நாட் வேகத்தில், அதை நோக்கி மெல்லப் போனோம். திரையின் வலது ஓரத்தில் 38 மீட்டரில் ஒரு சிவப்புப் புள்ளி தோன்றியது. அடுத்த சில நொடிகளில் அது சுவராக எழுந்தது. கிணற்றுச் சுவரைப் பார்த்திருந்ததால் எனக்கு ஐயமே எழவில்லை. பவளம் கரடுமுரடானது, எந்தச் சாய்வில் ஒலி பட்டாலும் ஒரு பகுதி திரும்பி வந்துவிடும். மூன்று நாட் என்பது நொடிக்கு ஒன்றரை மீட்டர். ஆகவே 38 மீட்டர் என்றால் இருபத்தைந்து நொடி. அண்ணன் பதற்றமின்றிச் சுக்கானைத் திருப்பினார். போன ஆவணியில் அந்த இருபத்தைந்து நொடி எங்களுக்கு இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு கடற்புல் வெளி. ஆவுளியா என்ற கடற்பசுவுக்கு உணவாகும் இந்தப் புல், தன் இலைகளில் சிறு குமிழிகளைத் தாங்கியிருப்பதால், ஒலிக்கு அதன் நுனியே தரையாகத் தெரிகிறது போலும். திரையில் தரை அரை மீட்டருக்கு மேல் உயர்ந்து காட்டியது. சம்மாட்டி ஈயக்குண்டைக் கயிற்றில் இறக்கி, பாகக் கணக்கில் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி), "ஒண்ணரப் பாகம் இருக்கு, போகலாம்" என்றார். இத்தகைய பிழை நம்மைத் தேவைக்கு மேல் எச்சரிக்குமே தவிர ஆபத்தில் தள்ளாது.

ஆபத்தில் தள்ளியது வேறு. திரும்பும் வழியில் ஆழம் குறைந்துகொண்டே வர, திரை 1.9 என்று காட்டியது. ஏராவுக்குக் கீழே 1.9 மீட்டர் இருக்கிறது என்று எண்ணி நான் நிம்மதியாகச் சுக்கானைப் பிடித்திருந்தேன். படகின் பின்முனையான கடையாலில் உட்கார்ந்திருந்த சம்மாட்டி திடீரென்று எழுந்து, "தம்பி, பின்னாடி பாருங்க, சேறு கெளம்புது" என்றார். எங்களுக்குப் பின்னால் தண்ணீர் காப்பி நிறத்தில் சுழன்று வந்தது. எஞ்சினைப் பின்னுக்குப் போட்டு வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது: அண்ணன் காலையில் நீர்மட்டத்திலிருந்து அளக்கும்படி அமைத்திருக்கிறார், நான் ஏராவிலிருந்து என்று எண்ணியிருக்கிறேன். எங்கள் படகு 1.4 மீட்டர் தண்ணீர் இழுக்கும். ஆக ஏராவுக்குக் கீழே இருந்தது அரை மீட்டர் மட்டுமே. கருவி சொன்னது சரி. அது எந்த இடத்திலிருந்து எண்ணுகிறது என்பதை இருவரும் வாய்விட்டுப் பேசிக்கொள்ளாததே தவறு. இரவில் ஒரு துண்டு டேப்பில் ‘நீர்மட்டத்திலிருந்து; படகு 1.4’ என்று எழுதித் திரையின் கீழே ஒட்டிவிட்டோம்.

இன்னொன்றும் நடந்தது. மிதவையோடு விரித்திருந்த வலை ஒன்றைச் சம்மாட்டிதான் முதலில் கண்டு கையைக் காட்டினார். அதை நோக்கி நேரே போய்க்கொண்டிருந்தும் திரையில் ஒன்றுமே தெரியவில்லை. நைலான் இழை ஒலியைத் திருப்புவதில்லை, நீர்மட்டத்தை ஒட்டிக் கிடப்பது அலையின் இரைச்சலோடு கலந்துவிடுகிறது. ஒரு குடும்பத்தின் பிழைப்பான வலையை எங்கள் சுழலி அறுத்திருக்கும். ஆகவே அணியத்தில் ஒரு ஆள் நின்று கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பதை எந்தக் கருவிக்காகவும் கைவிடப் போவதில்லை.

ஐந்தாம் நாள்: ஆற்றங்கரை

இன்று வைகையின் முகத்துக்குப் போனோம். இராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு அப்பால் மிஞ்சிய ஆறு கடலில் கலக்கும் இடத்தில் ஆற்றங்கரை என்ற ஊர் இருக்கிறது. அதை அடுத்த அழகன்குளத்தில் அகழ்ந்தபோது, ரோமானிய மண்பாண்டங்களோடு, கப்பல் உருவம் கீறிய பானை ஓடு ஒன்றும் கிடைத்தது. பாண்டியருக்குத் துறைமுகமாக இருந்த இடத்தின் வாசலில் இப்போது மணல்மேடு. ஆண்டுதோறும் ஆறு கொண்டுவரும் மணலையும் வாடையும் கச்சானும் தள்ளும் மணலையும் பொறுத்து அது இடம் மாறும் என்பதால், டேராடூனில் இருக்கும் தேசிய நீர்ப்பரப்பு ஆய்வு அலுவலகம் எவ்வளவு கவனமாக வரைபடம் போட்டாலும், இந்த மாதத்து மேட்டை அதில் தேட முடியாது.

மண்டபத்திலிருந்து வாடையை வலப்பக்கம் வாங்கிக்கொண்டு, பாயில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடினோம். படகு பதினெட்டு பாகை சாய்ந்திருந்தது. கிணற்றில் கண்டது போலவே இல்லாத மேடுகள் திரையில் எழுந்து எழுந்து அடங்கின. கரையிலிருந்து ஒன்றரைக் கடல் மைலில் பாயை இறக்கினோம். படகு நிமிர்ந்ததும் அந்த மேடுகளெல்லாம் அழிந்து, தரை ஒரே நீளக் கோடாகப் படிந்தது.

நான்கு மீட்டர் ஆழத்தில் 25 மீட்டர்வரை தெரிந்தது. மூன்று மீட்டருக்கு வந்தபோது 16 மீட்டர். இரண்டரையில் பதினொன்று. தரை வழவழப்பான மணல். திரும்பி வரும் ஒலி நலிந்து, சிவப்பு மஞ்சளாகி, மஞ்சள் நீலமாகியது. பார்க்க வேண்டிய தேவை ஏற ஏறப் பார்வை குறுகுகிறது. இதற்கு ஒரே மாற்று வேகத்தைக் குறைப்பது என்பதால், அண்ணன் ஒன்றரை நாட்டுக்கு இறக்கினார். பதினொரு மீட்டரை ஐந்து நாட்டில் நான்கே நொடியில் கடந்துவிடுவோம். ஒன்றரையில் பதினான்கு நொடி கிடைக்கிறது. எங்கள் படகைப் பின்னுக்குப் போட்டு நிறுத்த அதில் பாதி போதும்.

சம்மாட்டி திரையையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது மீட்டருக்கு முன்னால் கோடு மேலே வளையத் தொடங்கியதை நான் சொல்வதற்கும், "மேடு வந்துருச்சு, நிறுத்துங்க" என்று அவர் சொல்வதற்கும் இடையே ஒரு நொடிகூட இருக்காது. எதைக் கண்டு சொன்னீர்கள் என்று பிறகு கேட்டேன். முன்னால் சிற்றலையின் முதுகு சற்றுக் குட்டையானதையும், கொக்கு ஒன்று நடுக்கடலில் நின்றதையும் காட்டினார். கொக்கு நின்ற இடம் மேட்டின் முகடு.

அதன்பின் மேட்டை வலமாக வைத்து, அதன் விளிம்பை ஒட்டியே ஊர்ந்து, ஐம்பது மீட்டருக்கு ஒரு முறை படகின் மூக்கை மேட்டின் பக்கம் திருப்பி, கோடு எங்கே எழுகிறது என்று பார்த்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, மறுபடி விலகினோம். இடம் வலம் பிரித்தறியாத கருவியை வைத்து ஒரு மேட்டின் உருவத்தை அறிய வேறு வழி தெரியவில்லை. ஒவ்வொரு குறியிலும் சம்மாட்டி ஈயக்குண்டை இறக்கி, "ஒரு பாகத்துக்கு ஒரு சாண் கூட", "ஒரு பாகம் சரியா" என்று சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். பாகத்தை மீட்டராக்கித் திரையின் எண்ணோடு ஒப்பிட்டதில், பதினேழு குறிகளில் பதினைந்தில் ஒரு சாணுக்கு உள்ளேயே வித்தியாசம். மீதி இரண்டு இடத்திலும் குண்டில் ஒட்டி வந்தது மணலன்று, குழைந்த கறுப்புச் சேறு; குண்டு அதற்குள் அமிழ்ந்துவிட்டது என்றார் அவர்.

பிற்பகல் இரண்டு மணிக்கு 2.8 மீட்டரில், மணல் தரையில் நங்கூரம் போட்டுவிட்டுக் கஞ்சி குடித்தோம். சம்மாட்டி என் நோட்டை வாங்கி, குறிகளைக் கோடாக இணைத்து நான் வரைந்திருந்த மேட்டின் படத்தை வெகுநேரம் பார்த்தார். போன மழைக்கு முன் இதன் மேற்குக் கை இவ்வளவு நீளம் இல்லை என்று விரலால் காட்டி, "இதுல ஒண்ணு எனக்கு எழுதிக் குடுங்க தம்பி, எம் மகன் ராத்திரில இந்தப் பக்கந்தான் வர்றான்" என்றார். இரவு விளக்கடியில் உட்கார்ந்து, மீட்டர் எண்களை அடித்துவிட்டு எல்லாவற்றையும் பாகத்திலும் சாணிலும் மாற்றி, அவருக்கு ஒரு படி எழுதிக்கொண்டிருக்கிறேன்.